ஆறடி ஆளும் பதினோராம் நாற்காலியும்

ஜூன் 4

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. இரண்டு வருஷமாக நீ எனக்கு ஒரு வரி போடவில்லை. இருந்தாலும் நான் பெரிய மனசுக்காரன் என்பதால் நானே ஆரம்பிக்கிறேன். இங்கே நடந்திருக்கும் சங்கதியும் அப்படிப்பட்டது. எழுதாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

நான் கண் ஆஸ்பத்திரி வாசலில் காவலுக்கு நிற்பது உனக்குத் தெரியும். உன் அம்மா அதை 'கேட்டைத் திறந்து மூடுகிற வேலை' என்று சொல்லியிருப்பாள். அது அவள் பார்வை. டாக்டர்களே என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். பார்த்தால் ஒரு தெம்பு வருகிறதாம்.

போன செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றே முக்கால். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்க வைக்கும் கூடத்தில் ஒரு நோயாளி வெறி பிடித்து எழுந்தான். ஆறடிக்கு ஒரு விரல் குறையாது. கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வருகிற ஜாதி. கையில் இரும்புக் கம்பி. மருந்து விட வந்த நர்ஸம்மாவின் மணிக்கட்டில் ஓங்கி ஒரு போடு. எலும்பு முறிந்த சத்தம் வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தர் அசையவில்லை. நான் மூன்று வரிசை நாற்காலியை ஒரே தாவலில் தாண்டி, அவன் கம்பியை இரண்டாவது முறை ஓங்குவதற்குள் பின்னாலிருந்து பிடித்துப் பூட்டுப் போட்ட மாதிரி நிறுத்திவிட்டேன். என் ஐம்பத்தெட்டு வயசு அந்த நேரத்தில் என் கால்களுக்கு ஞாபகம் இல்லை.

நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார் சூப்பரின்டென்ட். மற்றவர்கள் ஆளுக்கு நாலு வரி. நான் நாலு பக்கம். எட்டாம் வகுப்பை வாசலோடு பார்த்துவிட்டுத் திரும்பியவன் எழுதியது என்று யாரும் நம்பவில்லை. சீட்டு எழுதும் குமாஸ்தா படித்துவிட்டுச் சொன்னான்: "அண்ணே, நானும் அங்கதான் இருந்தேன். ஆனா உங்க பேப்பரப் படிச்சப்பறம்தான் எனக்குப் பயமே வந்துச்சு."

என் நாலு பக்கத்தை வைத்து அந்த ஆளின் கோப்பில் சிவப்புத் தாள் ஒட்டிவிட்டார்கள். இனி உள்ளே விடக்கூடாது என்று அர்த்தம். இருபதாம் தேதி கமிட்டி கூடி அதை நிரந்தரம் ஆக்கப்போகிறது. முக்கிய சாட்சி யார் என்று நினைக்கிறாய்?

உன் ஆஸ்பத்திரியில் ஊழியர்களை நோயாளிகள் அடிக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு குழு இருக்கிறதாம், அதற்கு நீதான் தலைவியாம். உன் அம்மா பெருமையாகச் சொன்னாள். என் வாக்குமூலத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் நர்ஸுகளுக்குச் சத்தம் போட்டு வாசித்துக் காட்டு. தைரியம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளட்டும்.

உன் மாமா

*

ஜூன் 7

அன்புள்ள மாமா,

கடிதமும் நாலு பக்கமும் வந்தன. ஃபோன் செய்திருக்கலாம், ஆனால் ஃபோனில் நீங்கள் பேசினால் நான் 'உம்' கொட்டத்தான் முடியும். எனக்குக் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் அந்த நர்ஸ் எப்படி இருக்கிறார்? நாலு பக்கத்தில் அவர் ஒன்றரை வரிதான் வருகிறார்.

அடுத்தது, இரும்புக் கம்பி. அது கண் ஆஸ்பத்திரிக்குள் எப்படி வந்தது? வாசலில் நிற்பது நீங்கள்தானே?

அந்த ஆள் எந்த நாற்காலியில் இருந்தார், எத்தனை மணிக்கு வந்தார், அடிப்பதற்கு முன் ஏதாவது கேட்டாரா? நர்ஸ் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்? தரையில் ஓடு பதித்திருந்தால் எண்ணிச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள். எங்கள் குழுவின் வேலையே இதுதான். நாலு வருஷத்தில் நூற்றுப் பத்து சம்பவங்களைப் பார்த்துவிட்டோம். 'வெறி பிடித்து எழுந்தான்' என்றுதான் எல்லாத் தாளும் ஆரம்பிக்கிறது. எழுவதற்கு முந்தைய பத்து நிமிஷத்தை யாரும் எழுதுவதில்லை. எனக்கு அந்தப் பத்து நிமிஷம்தான் வேண்டும்.

உயரத்தைப் பற்றி ஒன்று. உங்கள் உயரம் எனக்குத் தெரியும். ஆறடி ஆளை நீங்கள் பின்னாலிருந்து பிடித்தால் உங்கள் கை எங்கே போயிருக்கும்?

இரண்டு வருஷமாக ஏன் எழுதவில்லை என்று உங்களுக்குத் தெரியாததுபோல் எழுதியிருக்கிறீர்கள். பிறகு சொல்கிறேன்.

உங்கள் மருமகள்

*

ஜூன் 10

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

போலீஸ்காரனே இத்தனை கேட்கமாட்டான். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, நீ ஓடு எண்ணச் சொன்னதும் எனக்கும் ஒரு அரிப்பு வந்துவிட்டது. மதியம் கூடம் காலியானதும் எண்ணினேன்.

கம்பி விஷயம். அது குடை. குடைக்குள் இருப்பது இரும்புக் கம்பி இல்லாமல் கரும்பா? எட்டுக் கம்பி இருக்கிறது. நான் ஒன்று என்றுதான் எழுதினேன், குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன். உயரம்: கோபத்தில் மனிதன் நிமிர்வான். எழுந்த வேகத்தில் எனக்கு ஆறடியாகத்தான் தெரிந்தது.

நர்ஸம்மா மாவுக்கட்டோடு வீட்டில் இருக்கிறார். குடையின் மரப்பிடி பட்டிருக்கிறது. வலது கை. நீ கேட்ட பிறகுதான் நான் விசாரித்தேன், அதை ஒப்புக்கொள்கிறேன்.

இனி கூடம். நாலு வரிசை, வரிசைக்குப் பத்து நாற்காலி. எல்லாம் கிழக்குச் சுவரைப் பார்த்துப் போட்டிருக்கிறது. மருந்து அறைக் கதவு மேற்கே, எல்லார் முதுகுக்கும் பின்னால்; நர்ஸம்மா வந்தது அங்கிருந்துதான். அந்த ஆள் இருந்தது பதினொன்று. இரண்டாம் வரிசையின் முனை. கதவிலிருந்து பதினேழு ஓடு. நடைவழி அதை உரசிக்கொண்டு போகிறது, ஆகவே அந்த வழியாகப் போகிற தள்ளுவண்டி, சக்கர நாற்காலி எல்லாம் அவர் தோளைத் தொட்டுவிட்டுத்தான் போகும். வந்தது எட்டு மணிக்கு. பதினொரு மணியிலிருந்து கால் மணிக்கு ஒரு தடவை சொட்டு. நாலாவது சொட்டின்போதுதான் சம்பவம். குமாஸ்தா சொல்கிறான், அவர் மூன்று தடவை எழுந்து "என் பேர் எப்பங்க வரும்?" என்று கேட்டாராம். மூன்று தடவையும் "உக்காருங்க" என்று பதில்.

'அவன்' என்று எழுதியதை 'அவர்' ஆக்கிவிட்டேன், கவனித்தாயா? காரணம் இருக்கிறது. நேற்று அவர் வாசலுக்கு வந்தார். பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவராம். மகள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கண் போய்விட்டது. இருக்கிற ஒன்றில் புரை முற்றிவிட்டது, இந்த மாதத்துக்குள் எடுக்காவிட்டால் அதுவும் போய்விடும் என்று நம் டாக்டரே சொல்லியிருக்கிறார். வேறு ஆஸ்பத்திரியில் கேட்டதற்குப் பத்து மாசம் வரிசையில் நில் என்கிறார்களாம். சிவப்புத் தாள் ஒட்டியவரை உள்ளே விட எனக்கு அதிகாரம் இல்லை. "உள்ள விடமுடியாதுங்க" என்றேன். "சரிங்க" என்று போய்விட்டார். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். கண் மங்கினால் கை நீளுமா? திடமான மனிதன் அசையமாட்டான். நானே நிரூபிக்கப் போகிறேன். எனக்கும் கண் பரிசோதனை ரொம்ப நாளாகப் பாக்கி. வியாழக்கிழமைக்குச் சீட்டு வாங்கிவிட்டேன். அதே பதினோராம் நாற்காலி.

உன் மாமா

*

ஜூன் 13

அன்புள்ள மாமா,

உங்கள் ஓடுகளை வைத்து ஒரு படம் போட்டு என் மேஜைமேல் வைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் பிடிபடவில்லை. நாற்காலிகள் ஏன் கிழக்குச் சுவரைப் பார்க்கின்றன? அந்தச் சுவரில் என்ன இருக்கிறது?

கண்டக்டர் அடித்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஒரு கை முறிந்திருக்கிறது. அது எந்தக் காரணத்தாலும் ஒட்டாது. நர்ஸ் பின்னாலிருந்து தொட்டார் என்பதால் அவர்மேல் பழி போடுகிற ஆட்களும் உங்கள் கமிட்டியில் இருப்பார்கள். அதற்கும் நீங்கள் வழி விடக்கூடாது. போய் அவரையே கேளுங்கள். அவர் அன்று எத்தனை பேருக்கு மருந்து விட்டார் என்று கேளுங்கள்.

இப்போது என் விஷயம். இரண்டு வருஷத்துக்கு முன் அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளியின் அண்ணன் என்னை அறைந்தான். அதை நீங்கள் குடும்ப விசேஷத்தில் அறுபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னீர்கள். நான் அவன் கையை முறுக்கிப் பல்லை உதிர்த்ததாகச் சொன்னீர்கள். எல்லாரும் கை தட்டினார்கள். சித்தப்பா வந்து என் புஜத்தைத் தொட்டுப் பார்த்தார். நடந்தது என்னவென்றால், நான் துணி வைக்கும் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். அரை மணி நேரம். நீங்கள் சொன்ன கதைக்குப் பிறகு எனக்கு வலித்தது என்று யாரிடமும் சொல்ல முடியவில்லை. வீராங்கனைக்கு எப்படி வலிக்கும்?

ஒரு கதையில் என்னைப் பெரிதாக்கினீர்கள். இன்னொன்றில் அந்தக் கண்டக்டரைப் பெரிதாக்கியிருக்கிறீர்கள். இரண்டு பேருக்குமே அது நல்லதாகப் போகவில்லை.

இருபதாம் தேதிக்கு முன் அந்த நாலு பக்கத்தைத் திரும்ப வாங்குங்கள்.

பரிசோதனை என்ற பேரில் ஏதும் விபரீதம் செய்யவேண்டாம். இந்தக் கடிதம் வருவதற்குள் செய்திருப்பீர்கள் என்று தெரியும். அப்படியானால் எல்லாவற்றையும் எழுதுங்கள். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

மருமகள்

*

ஜூன் 16

அன்புள்ள மருமகளுக்கு,

துணி அறை விஷயத்தை மூன்று தடவை படித்தேன். எனக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ளாமலே சொல்லிவிட்டேன் என்பதுதான் சரி. நான் கேட்டிருக்க வேண்டும்.

கிழக்குச் சுவரில் டிவி இருக்கிறது. எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. கண் தெரியாதபடி மருந்து விட்டு உட்கார வைத்தவர்களுக்கு டிவி. யாரோ ஒரு பெரிய மனிதர் அன்பளிப்பாகக் கொடுத்தது, அதைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிவிட்டார்கள். ஆறு வருஷமாக ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். சரி, நீ கேட்டாய், நான் பார்த்தேன். பாதிப் பாதி.

பரிசோதனை. குமாஸ்தாவிடம் சொல்லி வைத்தேன்: "நான் பதினொண்ணுல உக்காந்திருப்பேன். எப்ப வேணும்னாலும் பின்னாலருந்து வந்து தோள்ல கை வை. நான் கல்லு மாதிரி இருக்கேனா இல்லையா பாரு." அவன் "எனக்கு வேற வேல இல்லையாண்ணே" என்றான். ஆனால் கண்ணில் ஒரு சந்தோஷம் தெரிந்தது.

முதல் சொட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் எதிரே இருந்த சுவர் கரைய ஆரம்பித்தது. மூன்றாவதில் எல்லாம் வெள்ளை. வெளிச்சம் ஊசி மாதிரி குத்துகிறது, முகங்கள் எல்லாம் தேங்கிய பால். காது மட்டும் நாலு மடங்கு ஆகிவிடுகிறது. சக்கரம் கிரீச் என்றால் என்மேல் ஏறப்போகிறது என்று தோன்றுகிறது. பேர் கூப்பிடுகிறார்கள், எந்தத் திசை என்று தெரியவில்லை. என் பேர் போய்விட்டதா என்று ஒரு பயம். நான் தினமும் எட்டு மணி நேரம் நிற்கிற இடம், ஒவ்வொரு ஆணியும் தெரியும். எழுந்து வாசலுக்குப் போய்விடலாமா என்று தோன்றியது. வாசல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

அப்போது தோளில் ஒரு கை.

நான் நளினமாகத் திரும்பிப் பார்த்தேன் என்று எழுதத்தான் பேனா போகிறது. எழுதவில்லை. என் கை தானாகப் போய்விட்டது. குமாஸ்தாவின் கண்ணாடி மூன்றாம் வரிசையில் போய் விழுந்து ஒரு பக்கம் உடைந்தது. "சொல்லி வச்சுட்டு அடிக்கிறீங்களேண்ணே" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டான். எனக்கு வேர்த்து ஊற்றுகிறது. சொல்லி வைத்திருந்தும் இப்படி.

மறுநாள் நர்ஸம்மா வீட்டுக்குப் போனேன். அன்று காலையிலிருந்து நாற்பது பேருக்கு அவர் ஒருத்தர்தான். பிறகு கண்டக்டர் வாசலுக்கு வந்தபோது கேட்டேன். "பஸ்ல பின்னாலருந்து கை வந்துதுன்னா அது பைக்குத்தான் வரும். முப்பது வருஷப் பழக்கம். பையப் பாக்கலாம்னா கண்ணு தெரியல, அதுக்குள்ள குடை போயிடுச்சு. அந்தப் பொண்ணு கத்தினப்பறம்தான் பொண்ணுன்னே தெரியும்" என்றார். அழவில்லை. குடையை இப்போது வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார்.

இதெல்லாம் உனக்கு எழுதிவிட்டேன். கமிட்டி முன்னால் எப்படிச் சொல்வேன்? இங்கே என்னை 'ஆறடி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், மரியாதையாகத்தான். எழுதிக் கொடுத்தது பொய் என்று தெரிந்தால், பொய்ச் சாட்சி சொன்னவனை எந்த வாசலில் நிற்க வைப்பார்கள்? என் வயசுக்கு இன்னொரு வேலை யார் கொடுப்பார்கள்? நீ சொல்வது எல்லாம் நியாயம். நியாயத்தை நீ அங்கே உட்கார்ந்து சொல்கிறாய், நான் இங்கே நின்று செய்யவேண்டும்.

மாமா

*

ஜூன் 18

அன்புள்ள மாமா,

வேலை போகாது என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. எனக்குத் தெரியாது. உங்களைத் தேற்றுவதற்காக ஒன்றைச் சேர்த்து எழுதினால் நானும் நாலு பக்கம் எழுதினவள் ஆகிவிடுவேன்.

உங்கள் பரிசோதனையை எங்கள் குழுவில் வாசித்தேன். உங்கள் கடிதம் உள்ளபடியே, பால், சக்கரம், கண்ணாடி எல்லாவற்றோடும். ஒருத்தரும் கை தட்டவில்லை. பிறகு எங்கள் பெரிய டாக்டர், எப்போதும் கடிகாரத்தைப் பார்க்கிறவர், "எனக்கும் அந்தச் சொட்டு விட்டு உக்கார வைங்க" என்றார். அடுத்த வாரம் உட்காரப் போகிறார். நூற்றுப் பத்துத் தாள்களில் கிடைக்காத பத்து நிமிஷம் உங்களிடமிருந்து வந்திருக்கிறது.

கமிட்டியில் நீளமாகப் பேசவேண்டாம். கேட்டதற்கு மட்டும் பதில். நர்ஸின் கையை முதலில் சொல்லுங்கள்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. முடிந்ததும் உடனே எழுதுங்கள்.

உங்கள் மருமகள்

*

ஜூன் 21

அன்புள்ள மருமகளுக்கு,

நேற்று நடந்ததை நடந்த மாதிரி எழுதுகிறேன். கை கூசுகிறது, பழக்கம் இல்லை.

நீள மேஜை. சூப்பரின்டென்ட், இரண்டு டாக்டர்கள். கட்டுப் போட்ட கையோடு நர்ஸம்மா. எதிரே கண்டக்டர், மகள் பக்கத்தில். ஒட்டுப் போட்ட கண்ணாடியோடு குமாஸ்தா, குறிப்பு எழுத. என் நாலு பக்கத்தை சூப்பரின்டென்ட் கையில் வைத்திருந்தார்.

"ஐயா, அதுல ஒண்ணு ரெண்டு திருத்தம் இருக்குங்க" என்றேன்.

"சொல்லுங்க."

"நர்ஸம்மா கை உடைஞ்சது நிஜம். கம்பி இல்லீங்க, குடை."

"ஆறடின்னு போட்டிருக்கீங்க?"

"என் உயரம்தான் இருப்பாரு. ஒரு விரக்கடை குறைச்சலாக்கூட இருக்கும்."

அவர் கண்டக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மூணு வரிசை நாற்காலியத் தாண்டினது?"

"சுத்தித்தான் வந்தேன். நடுவுல தள்ளுவண்டி நின்னுச்சு, அதையும் நகத்திட்டு."

"ரெண்டாவது தடவ ஓங்கினாருன்னு எழுதியிருக்கே?"

"ஓங்கல. நான் போறதுக்குள்ள குடையக் கீழ போட்டுட்டாரு."

"அப்ப இந்த நாலு பக்கத்துல எதுதான்யா நிஜம்?"

"தேதி நிஜங்க. கீழ போட்ட கையெழுத்தும் என்னுதுதான்."

குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

ஒரு டாக்டர் நர்ஸம்மாவிடம், பின்னாலிருந்து தொடக்கூடாது என்று தெரியாதா என்றார். நீ சொன்னது போலவே. நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாவே பேசிவிட்டார்: "தெரியும் டாக்டர். முன்னால வந்து பேர் சொல்லித் தொடணும். முன்னால வர எடம் எங்க இருக்கு? நாற்காலியெல்லாம் டிவியப் பாத்துக்கிட்டு இருக்கு. நாப்பது பேரு, நான் ஒருத்தி. கம்பியோ குடையோ, உடைஞ்சது என் கை. அதையும் சின்னதாக்கிடாதீங்க. ஆனா இவருக்கு இருக்கறது ஒரு கண்ணு. என் பேரச் சொல்லி அத மூடாதீங்க."

கண்டக்டர் எழுந்தார். அந்த அம்மா எந்தப் பக்கம் இருக்கிறார் என்று குரலை வைத்துக் கண்டுபிடித்துத் திரும்பினார். "தப்பு என்னுதும்மா" என்றார். அவ்வளவுதான். அந்த அம்மா "சரி" என்றும் சொல்லவில்லை, "பரவாயில்லை" என்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அது அவருக்குத் தெரிந்திருக்காது. மகள் காதில் சொன்னாள்.

சிவப்புத் தாளைக் கிழித்துவிட்டார்கள். அதற்குப் பதில் ஒரு வெள்ளைத் தாள்: முன்னால் வந்து குரல் கொடுத்த பிறகே தொடவும். இருபத்தேழாம் தேதி ஆபரேஷன். நாற்காலிகளை மேற்கே, மருந்து அறைக் கதவைப் பார்த்துத் திருப்பச் சொன்னார்கள். நானும் குமாஸ்தாவும் சாயங்காலமே திருப்பிப் போட்டோம். முதுகு இன்னும் வலிக்கிறது. சொட்டு விட இன்னொரு நர்ஸ் கேட்டு எழுதியிருக்கிறார்களாம். வந்தால்தான் நிஜம்.

என்னை வாசலிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேலை போகவில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் மூன்று மாசம். அங்கே கூரை கிடையாது. 'ஆறடி' என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்கள். அதுதான் உறைக்கிறது.

மாமா

*

ஜூலை 5

அன்புள்ள மருமகளுக்கு,

உங்கள் பெரிய டாக்டர் எட்டு நிமிஷத்தில் எழுந்து ஓடியதாக நீ எழுதியதை குமாஸ்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். நான் ஐம்பது நிமிஷம் உட்கார்ந்தேன் என்பதை அவருக்குச் சொல்லிவை. ஐம்பது நிஜம்தான், குமாஸ்தாவைக் கேட்டாலும் சொல்வான்.

இன்று காலை கண்டக்டர் வந்தார். ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம். தனியாக, யார் கையையும் பிடிக்காமல், வண்டிகளுக்கு நடுவில் நேராக நடந்து வந்தார். என் எதிரே நின்று, "ஏங்க, முன்ன வாசல்ல நிப்பாரே ஒருத்தரு, அவர எங்க போட்டிருக்காங்க? இங்கன்னு சொன்னாங்க" என்றார்.

அவர் போய்விட்டார் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது.

"நான்தான்" என்றேன்.

"குரலு சரியா இருக்கு" என்றார். தலையிலிருந்து கால் வரை பார்த்தார். மறுபடி காலிலிருந்து தலை வரை. "ஆனா அவரு தூண் மாதிரி இருந்தாரே. பிடிச்சப்ப எனக்கு மூச்சே நின்னுபோச்சு."

"மருந்து விட்டிருந்தாங்கல்ல" என்றேன்.

"ஆமா, மருந்து விட்டிருந்தாங்க" என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு, "நீங்க பிடிச்சப்ப நான் கடிச்சுட்டேன். அத நீங்க எங்கயும் சொல்லலையே" என்றார்.

சொல்லவில்லை. நாலு பக்கத்திலும் எழுதவில்லை, கமிட்டியிலும் சொல்லவில்லை, உனக்கும் எழுதவில்லை. ஆறடி ஆளைப் பூட்டுப் போட்டு நிறுத்தியவனைக் கடித்தார்கள் என்று எழுத மனசு வரவில்லை.

"வலிச்சுதா?" என்று கேட்டார். அதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

"வலிச்சுது" என்றேன்.

சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினேன். புதுக் கண்ணைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். தழும்பு லேசாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் கண்டுபிடித்துவிட்டார். "நல்லாத் தெரியுது" என்றார். சந்தோஷமாகச் சொன்னார், கண்ணுக்காகச் சொன்னாரோ, பல்லுக்காகச் சொன்னாரோ.

எந்தக் கை என்று நீ கேட்பாய். இடது கை. முழங்கைக்கு இரண்டு விரல் கீழே.

மாமா